டாக்டரிடம் சொல்லாத ஒரு சாவு

மூன்று வருடங்களுக்கு முன், திருமயம் பக்கத்தில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து என் மகளுக்கு முழங்கை முறிந்தது. மறுநாள் காலையே புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கை எலும்புதானே என்று நானும் தைரியமாகவே இருந்தேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து, குடும்பத்தில் யாருக்காவது அந்த மருந்தால் ஆபத்து வந்திருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அண்ணன் நினைவு வந்தது. பதினாலு வயதில் குடல்வால் ஆபரேஷனுக்குப் போனவன் பிணமாகத்தான் வீடு வந்தான். சாமி குத்தம் என்றார்கள். அதற்காக வருஷா வருஷம் கிடா வெட்டினோம். எதற்குக் கிளம்பினாலும் அந்த நேரத்தில் அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பக்கத்தில் நின்ற அக்கா கண்ணைக் காட்டினாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா வேர்த்து விறுவிறுத்து வெளியே ஓடிவந்தார்.

"மருந்து போட்டதும் தாடை இறுகிருச்சுங்க. வாயத் தொறக்கவே முடியல. ஒடம்பு வேற சூடேறுது. ஆபரேசன நிறுத்திட்டேன். மறைக்காமச் சொல்லுங்க, ஒங்க வீட்டுல யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?"

இந்தத் தடவை அக்கா பக்கம் திரும்பாமல் சொன்னேன்: "எங்க அண்ணன் ஆபரேசன்ல செத்தாருங்க. வீட்டுக்குக் கொண்டாந்தப்பவும் ஒடம்பு கொதிச்சுச்சு. எனக்குப் பத்து வயசு. நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, சுடுது, அண்ணன் சாகலன்னு அழுதேங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இதை முறிக்கும் மருந்துக்குத் திருச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டு, என்னை ஐஸ் வாங்கி வரச் சொன்னார். எதிரே இருந்த மீன் கடைக்காரர் மீனைத் தரையில் கொட்டிவிட்டு, பெட்டியில் இருந்த ஐஸை அப்படியே அள்ளிக் கொடுத்தார். கவிச்சி அடிக்கும் அந்த ஐஸைப் பைகளில் கட்டி மகளைச் சுற்றி அடுக்கினார்கள். அவளுக்குச் சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கியது. திருச்சி மருந்து வந்து ஏற்றியும், ஆறு நாள் கழித்துத்தான் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

மயக்க மருந்து சேராத இந்தக் கோளாறு பரம்பரையாக வருவது, ரத்த உறவுகள் எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். தன் மகன் கல்யாணம் முடியட்டும் என்று அக்கா மட்டும் வாங்க மறுத்தாள். நான் அவள் மகன் கையிலேயே கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை.

மகள் தூங்கும்போது இன்றும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்; சூடு இல்லை என்று தெரிந்த பிறகும், அன்று நான் சொன்ன பொய்யை நினைத்தால் கையை எடுக்க மனம் வருவதில்லை.