மிச்சம் ஐந்து பிள்ளைகள்

வெள்ளவத்தையில் யார் செத்தாலும் கல்வெட்டு எழுத உமாசுதனைத்தான் பிடிப்பார்கள். கல்வெட்டு என்றால் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அதற்குப் பாட்டெழுதுவது அவன் வேலை. அச்சடிப்பது என் வேலை. பாட்டென்ன பாட்டு! கணினியில் ஒரே பாட்டைத்தான் வைத்திருந்தான். பெயரையும் ஊரையும் மாற்றுவான். செத்த எல்லோருமே உத்தமர், குலவிளக்கு. ஒரு தேத்தண்ணி வாங்கித் தராத கஞ்சன் செத்தாலும் வள்ளல்தான். ஆளைப் பார்த்து எழுதடா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. "செத்தவர் வந்து வாசிக்கப்போறாரே அண்ணை?" என்பான்.

செத்தவர் வரவில்லை. அந்த மாதம் செத்துப்போன நமசிவாயத்தாரின் மனைவி அன்னபாக்கியம் வந்தார். கிருலப்பனையிலிருந்து ஓட்டோ பிடித்து, பிழை பார்க்க நாங்கள் அனுப்பிய புரூவுடன் கடைக்குள் ஏறினார்.

"தம்பி, என்ர மனுசனுக்கு ஏழு பிள்ளையள் எண்டு போட்டிருக்கிறீர். நான் பெத்தது ரெண்டு. மிச்சம் அஞ்சும் எங்க இருக்குதுகள்?"

உமாசுதன் என்னைப் பார்த்தான். நான் மெஷினைப் பார்த்தேன். போன கிழமை கல்வெட்டு அடித்த வத்தளைக்காரரின் பிள்ளைகள் அப்படியே இவருக்கு வந்துவிட்டார்கள்.

"பிழை வந்திட்டுது அன்ரி. மாத்திவிடுறன்."

"பிள்ளையள் கிடக்கட்டும். இதில அவர் எங்க? மூண்டு தரம் வாசிச்சனான், ஆளைக் காணேல்லை. நாளையிண்டைக்கு முப்பத்தொண்டு. சனம் இதைத்தானே கையில கொண்டுபோகப்போகுது?"

குரலில் இப்போது கோபம் இல்லை. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "டேய், அந்த மனுசியைக் கேட்டு எழுதடா!" என்று அவனில் பாய்ந்தேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். நமசிவாயத்தார் மீன்காரனை "மல்லி, மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லிக் கால் மணி நேரம் கெஞ்சி, கடைசியில் அவன் சொன்ன விலைக்கே வாங்குவாராம். உப்பில்லை என்று முகத்தைச் சுளித்துவிட்டு மூன்றாம் தரமும் சோறு கேட்பாராம். லிஃப்டுக்குப் பயந்து ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்க, "உடம்புக்கு நல்லது" என்பாராம். உமாசுதன் சிரித்துச் சிரித்து எழுதினான். அவன் அப்படி எழுதி நான் கண்டதேயில்லை.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் அவனே அதைப் படித்தான். சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கனடாவிலிருந்து வந்த நமசிவாயத்தாரின் தம்பியார் எழும்பி, "செத்தவீட்டில என்ன பகிடி?" என்று பாய்ந்தார். உமாசுதன் பாட்டை நிறுத்திவிட்டான்.

"நிப்பாட்டாதையும், படியும்!" என்றார் அன்னபாக்கியம்.

ஒரு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரிந்த மனுசி அவர். அடுத்த வரி முடிவதற்குள் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

"ஐயோ, இவர்தான். இவரெல்லோ செத்துப்போனார்!"