கை நனைத்துவிட்டு வந்த அப்பா

அப்பாவின் கோபம் பால் பொங்குகிற மாதிரி. பொங்கி வழிந்த பிறகு அடுப்பைத் துடைக்கிறவரும் அவரேதான். எங்கள் ஊர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். காலையில் வேலையாள் ஒருவரைக் காய்ச்சி எடுத்தால், மத்தியானம் அதே ஆளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால்தான் அவருக்கு மனசு ஆறும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்தபோது, பல்லடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. படிப்பு முடியாமல் கல்யாணம் வேண்டாம் என்று அழுதேன். "மாப்பிள்ளை ஊட்டச் சும்மா பாத்துப்போட்டு வாரேன் கண்ணு. நீ சரின்னு சொல்லாம கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாமாவோடு பஸ் ஏறினார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிவான மாதிரி. அதுவரை தண்ணீரோடு சரி.

சாயங்காலம் திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நடந்ததை மாமாதான் சொன்னார். "புள்ளைக்கு எதுக்குங்க இன்னும் படிப்பு?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டிருக்கிறார். வந்ததே கோபம் எங்கள் அப்பாவுக்கு! "என்ற புள்ள என்ன படிக்கோணும்னு நாந்தானுங்க சொல்லோணும்" என்று வீடே அதிரக் கத்தியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா பயந்து அழுதுவிட்டார். அதை அப்பாவால் தாங்க முடியவில்லை. "மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லி, பட்டறையில் செய்வதைப் போலவே இலை முன்னால் உட்கார்ந்து, ரசம் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டும் விட்டார். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்திருக்கிறது.

"எனக்காகச் சண்டை போட்டுப்போட்டு, என்னையே குடுத்துப்போட்டு வந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"காலைல போய் வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன் கண்ணு" என்றார்.

சாப்பிட்ட பிறகு மாட்டேன் என்பது சின்ன அவமானமில்லை. மறுநாளும் அப்பாவோடு மாமா போனார். அக்கம்பக்கத்தார் கூடி நின்று பார்க்க, மாப்பிள்ளை வீட்டார் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்களாம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "தப்பு என்னுதுதானுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அப்பாவின் கோபத்துக்குப் பயந்தே வளர்ந்தவள் நான். மாமா சொல்லி முடித்தபோது, பதிலுக்கு ஒரு வார்த்தையாவது கத்தியிருக்கக் கூடாதா என்று அப்பாவுக்காக அழுதேன்.