மீன்தொட்டியில் ஒரு துளை

நாள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலைச் சுமந்துகொண்டு ஓடுகிற வேன் டிரைவருக்கு, வீட்டில் சத்தம் போடாத உயிர்கள் என்று இருந்தவை மீன்கள் மட்டும்தான். மனைவி துணிக்கடையில் பேசியதுபோக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள். மாமனாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மாமனார் ஒரு காலத்தில் பெரிய கிடங்குக்கு மேலாளர். மூக்குக்கு மேல் கோபம். மகள் போயும் போயும் ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டதை அவர் மன்னிக்கவே இல்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் அதே டிரைவர் வீட்டுக் கட்டிலுக்குத்தான் வந்து சேர வேண்டியிருந்தது. படுத்த பிறகும் அதிகாரம் குறையவில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார், செருமுவார். தண்ணீரா, தலையணையா, கழிவறையா என்று கண்டுபிடிப்பது மற்றவர் பாடு. படுக்கையிலேயே போவதற்கென்று ஒரு தட்டு வாங்கிவந்தபோது, நல்ல கையால் அதைத் தூக்கி எறிந்தார்.

மகளும் மருமகனும் வேலைக்குப் போனதும், தனியாகக் கிடந்து கைத்தடியால் சுவரை இடித்துக்கொண்டிருப்பார். கட்டிலுக்கு எதிரே மீன்தொட்டியை நகர்த்தி வைத்த பிறகுதான் அந்த இடி நின்றது. காலையில் மீனைப் பார்க்க ஆரம்பித்தால் மதியம் வரை பார்ப்பார். தொட்டி இல்லையென்றால் இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட வேண்டும். விட்டால் அடுப்பெரியாது.

அந்தத் தொட்டிக்குத்தான் ஆபத்து வந்தது. ஓரத்தில் தொங்கிய வடிகட்டி அடைத்துக்கொண்டு இரண்டு முறை தண்ணீர் வெளியே வழிந்து, கீழ்வீட்டுக் கூரையில் ஊறிவிட்டது. வீட்டுக்காரர் நேரில் வந்து சொன்னார்: "இனி ஒரு சொட்டு கீழ இறங்குச்சுன்னா, ஒண்ணு தொட்டி போகணும், இல்ல நீங்க போகணும்." கீழ்வீட்டு அக்காவிடம், தண்ணீரைப் பார்த்தால் உடனே போன் செய்யும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

மீன்கடைக்காரர் வழி சொன்னார். தொட்டியின் பின்கண்ணாடியில், மேலே, ஒரு துளை போட வேண்டும். அந்த மட்டத்தைத் தாண்டுகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே ஒரு டப்பாவில் இறங்கும். அதிலிருந்து சின்ன மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். கடையில் இதைச் செய்து கொடுக்க அவர் சொன்ன விலையைக் கேட்டு டிரைவருக்குத் தலை சுற்றியது. தானே செய்வது என்று முடிவெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மீன்களை வாளிக்கு மாற்றி, காலித் தொட்டியைப் பழைய மெத்தைமேல் பின்கண்ணாடி மேலே தெரியும்படி படுக்கவைத்தார். டிரில் மெக்கானிக்கிடம் இரவல். கண்ணாடி வெட்டும் வட்டப் பல் கண்ணாடிக்கடையில் இரவல். வேன் சீட்டுக்கு அடியில் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன விளையாட்டுக் களிமண்ணை வளையமாக ஒட்டி, சூடேறாமல் இருக்க அதற்குள் தண்ணீர் விட்டார்.

"விரிசல் விட்டுச்சுன்னா?" என்றாள் மனைவி.

"வாயைக் கழுவு."

"உடையும்," என்றார் மாமனார் கட்டிலிலிருந்து. கோணிய வாயிலிருந்து சொற்கள் குழறித்தான் வரும். இந்தச் சொல் மட்டும் தெளிவாக வந்தது.

உடையவில்லை. டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழுத்தாமல், மெதுவாகச் சுற்றினார். வட்டத் துண்டு கழன்று உள்ளே விழுந்தது. ரப்பர் வளையம் மாட்டி, குழாய் பொருத்தி, தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டு, மோட்டாரைப் போட்டார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. மேலே ஏறிய தண்ணீர் மட்டும் சளசளவென்று விழுந்தது.

"சத்தம்," என்றார் மாமனார்.

அந்த மனிதருக்காக டிரைவர் தண்ணீரை மேலே ஏற்றும் குழாயின் வாயைத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கிவிட்டார். சத்தம் அடங்கியது. பெருமையோடு போய்ச் சமையலறைத் தரையிலேயே காலை நீட்டிப் படுத்தார்.

சற்று நேரத்தில் மின்சாரம் போயிற்று. உள்ளே மாமனார் செருமினார். மறுபடி செருமினார்.

"அப்பா கூப்பிடுறாரு, போய்ப் பாருங்க."

"போறேன். கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். அவருக்கு எப்பவும் இதே வேலை."

போனபோது அறை முழுக்கத் தண்ணீர். மோட்டார் நின்றதும், அடியில் கிடந்த குழாய் வாய் வழியாகவே தொட்டித் தண்ணீர் திரும்பி இறங்கி, டப்பாவை நிரப்பி வழிந்துகொண்டிருந்தது. டிரைவர் குழாயைப் பிடுங்கினார். அவரும் மனைவியும் கையில் கிடைத்த போர்வை, துண்டு எல்லாவற்றையும் போட்டு ஒற்றினார்கள். கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டு அக்கா போனும் கையுமாக நின்றார். "மறுபடியும் கூரையில சொட்டுது. என்ன தண்ணி இது?"

டிரைவர் டப்பாவை மறைத்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. மனைவி ஈரப் போர்வையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"நான்தாம்மா," என்றது கட்டில். "படுக்கையிலயே... போயிட்டேன். புள்ளைங்க... கழுவுறாங்க."

அக்காவின் முகம் மாறியது. "ஐயோ பெரியவரே, அதுக்கென்ன, வயசானா வர்றதுதானே. நல்லாக் கழுவிவிடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றார். வாடை எதுவும் வராதபோதும் மூக்கைப் பொத்திக்கொண்டே படியிறங்கினார்.

டிரைவர் ஆணியைக் காய்ச்சி, அதே குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பொத்தல் போட்டார். மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டு, அணைத்துப் பார்த்தார். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் பொத்தல் வழியே காற்று புகுந்து, தண்ணீர் நின்றுவிட்டது.

"மாமா, இங்க பாருங்க, நின்னுடுச்சு. இனிமே வழியாது."

மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அன்று முழுவதும் அவர் தொட்டியைப் பார்க்கவே இல்லை.