பெரிய வீட்டுக்குப் போன பஞ்சு

சாரங்கபாணி பஞ்சைக் கத்தரிப்பதில்லை. நீலத்தாள் சுற்றிய உருளையைப் பிரித்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஓர் இழுப்பு. கேட்ட அளவு கையில் வந்துவிடும்.

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுகிறவர் அவர். ஊருக்குப் 'பஞ்சு அய்யா'. காதுவலிக்கு மருந்து நனைத்து வைக்க, கண் பீளை துடைக்க, கடைத்தெரு நெய்னா முகம்மது அத்தர் தொட்டுக் காதில் செருகிக்கொள்ள, செத்தவர் மூக்கில் வைக்க, எல்லாவற்றுக்கும் ஆள் அவரிடம்தான் வரும். "பொறந்தாலும் பஞ்சு, போனாலும் பஞ்சு. நடுவுல நான் இருக்கேன்ல!" என்று சிரிப்பார். பஞ்சு சர்க்காருடையது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மார்கழி பிறந்தால் மிராசுதாரின் பெரிய வீட்டுக்கு விளக்குத்திரிக்கென்று தனியாகப் போகும். கடைப்பஞ்சில் கொட்டைத்தூசு இருக்கிறதாம், திரி படபடக்கிறதாம். அந்த வீட்டம்மாள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டனுப்புவதில் சாரங்கபாணிக்கு உச்சி குளிர்ந்துவிடும். புது ஆட்சி வந்த மறுவருஷம், இருந்த உருளைகளை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். பொங்கல் கழித்து எப்படியும் புதுச்சரக்கு வரும் என்ற நினைப்பு.

பொங்கல் கழிந்தது, சரக்கு வரவில்லை, அறுவடை வந்தது. ஆட்கள் கூலிநெல் அரைப்படி கூடுதலாகக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்தவர்கள்மேல் தடி விழுந்தது. அவர்களில் ஒருவனான மருதையனை மண்டை பிளந்த நிலையில் மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். டாக்டர் நாகப்பட்டினம் போயிருந்தார். சாரங்கபாணி பீரோவைத் திறந்தார், திறந்தபடியே நின்றார்.

"பஞ்சு இல்லம்மா. மேலேருந்து அனுப்பல."

மருதையன் பெண்டாட்டி ராமாயி பெரிய வீட்டில் சாணி அள்ளுகிறவள். "மார்கழியில நாந்தானுங்களே அங்க தூக்கிட்டுப் போயி குடுத்தேன்," என்றாள். "மிச்சம் இருக்குமுங்க. ஓடிப் போயி கேட்டு வாங்கியாரட்டுங்களா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவர் ஒரு சத்தம் போட்டுத் தப்பித்திருப்பார்.

"அடிச்சவன் வாசல்லயா போயி நிப்ப?"

"உசுரு போவுதுங்களே, அய்யா."

அவர் அடுப்பில் வெந்நீர் போட்டார். அவளே முந்தானையைக் கிழித்து நீட்டினாள். கொதிநீரில் போட்டெடுத்து அதைத்தான் வைத்துக் கட்டினார். காயம் சீழ்வைத்து, மருதையன் எழுந்து நடமாடப் பங்குனி ஆயிற்று. கூலியில் அரைப்படியும் ஏறிற்று.

இப்போது யார் கேட்டாலும், "ஆஸ்பத்திரிப் பஞ்சு ஆஸ்பத்திரிக்கு," என்கிறார். அய்யாவுக்குக் கை சுருங்கிவிட்டது என்று ஊர் கேலி பேசுகிறது. ராமாயி யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்துவிட்டால் தேவலை என்று அவருக்கு இருக்கிறது. நாலு பேர் திட்டினால், திட்டித் தீர்ந்ததென்று இருக்கலாம். சோறு இறங்காத அளவுக்கு வெட்கம் அவரைப் பிடித்து ஆட்டுகிறது.

பஸ் நிற்குமிடத்தில் ஒரே ஒரு கல்பலகை. அவர் வருவதைக் கண்டால் ராமாயி இன்றும் எழுந்து, உட்கார்ந்த இடத்தைக் கையால் தட்டிவிட்டு, "உக்காருங்க அய்யா," என்று ஒதுங்குகிறாள்.

"நீ உக்காரு தாயி."

அவள் உட்காருவதில்லை. அவரும் உட்காருவதில்லை. பலகையைக் காலியாக விட்டுவிட்டு, பஸ் வரும்வரை இரண்டு பேரும் வெயிலில் நிற்கிறார்கள்.