கொள்ளிடத்துத் திட்டும் கோவிந்தராசு சாரும்

நடவு வயலில் நின்றபோது போன் வந்தது. என் கையெல்லாம் சேறு. கூட நடவு நடும் செல்லம்தான் வரப்பில் நின்று போனை என் காதில் வைத்துப் பிடித்தாள். "அப்பா போயிட்டாங்கக்கா" என்றது சார் மகளின் குரல். அப்படியே பஸ் ஏறிவிட்டேன். தஞ்சாவூரில் இறங்கும்போதுதான் பார்த்தேன், கையில் நாற்று முடிச்சு.

கோவிந்தராசு சார் காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தியவர்கள். ஓய்வு பெற்றும் வீட்டில் இருக்கவில்லை. எங்கள் ஊருக்கு எதிரே கொள்ளிடத்தின் நடுவில் ஒரு திட்டு இருக்கிறது, நாலு பக்கமும் தண்ணீர். அங்கே வெளிநாட்டுச் செடி எப்படிக் குடியேறுகிறது, ஊர்ச்செடி அதை எப்படித் தடுக்கிறது என்று பார்க்க வந்தார்கள். துணைக்குக் களையெடுக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் ஓரிடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, "இதுக்குள்ள வெளியிலேர்ந்து வந்த செடிய மட்டும் எடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்கள். எங்களுக்கு நெல்லைத் தவிர எல்லாமே வெளியிலிருந்து வந்ததுதான். திட்டில் நெல் இல்லை. அதனால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

சார் படகில் திரும்பி வந்து பார்த்தார்கள்.

"நொச்சி எங்கம்மா?"

"அந்தக் குவியல்ல இருக்கு சார். கோரையும் அதுலதான்."

சார் குவியலைக் கிளறிப் பார்த்தார்கள். "சரி, டீ ஆறிடும், குடிங்க" என்றார்கள். அந்த இடத்தை அப்படியே விடச் சொன்னார்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்து வடிந்தது. நாங்கள் வழித்த இடம் முழுக்கச் சீமைக்கருவேல் முள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், நொச்சியும் கோரையும் கொடியும் பின்னிக் கிடந்த இடத்தில், கருவேல் ஒன்றிரண்டுதான், அதுவும் நூலாக. சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மேல நொச்சி நிழல், கீழ கோரை வேர். விதை வந்தாலும் எங்கம்மா உக்காரும்? தீபாவளி பஸ் மாதிரில்ல இருக்கு."

அடுத்த ஆடிப்பெருக்குக்குத் திட்டையே பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்யப்போவதாக ஊர்த் தலைவர் சொன்னார். அன்றுதான் சாருக்குக் கோபம் வந்து பார்த்தேன். தலைவரைப் படகில் ஏற்றி நேரே அந்தக் கருவேலுக்குள் கூட்டிப்போனார்கள். தலைவரின் வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும். சுற்றிலும் நாங்கள் நிற்கிறோம். சார் எதையும் கவனிக்காமல் பாடம் நடத்தினார்கள்.

"சார், மொதல்ல என்னை எடுங்க."

"இருங்க, வேர் எவ்வளவு ஆழம் போகுதுன்னு சொல்லிடறேன்."

"அண்ணே, நாங்க வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கறோம்" என்றாள் செல்லம்.

"முழுத் திட்டும் இப்படி ஆயிடுமா சார்?" என்றார் தலைவர்.

"பொக்லைன் வந்தா ஆயிடும்ங்க."

"வராது சார். சத்தியமா வராது. எடுத்து விடுங்க."

பொக்லைன் வரவில்லை.

சாவு வீட்டில் தலைவர் உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே, "சார் பேர்ல திட்டுல ஒரு மண்டபம் கட்டிடுவோம். எடத்தை மட்டும் கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டு" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"வேண்டாம்ணே."

"அப்ப சார் நெனைவா என்னதான் வைக்கிறது?"

"ஒண்ணும் வைக்காதீங்க. இருக்கறதை எடுக்காம இருங்க, போதும். சார் உங்கள்ட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா" என்றார்.

மறுநாள் எங்கள் ஊர்க் கரையில், கொள்ளிடத்தில் சாம்பலைக் கரைத்தார்கள். கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். நான் பார்த்தேன். நொச்சியும் கோரையுமாகக் கால் வைக்க இடமில்லாமல் அடைந்து நின்றது திட்டு.

நிம்மதியாகப் போங்க சார்.