காய்ந்துபோன ஏர்த் குழி

நான் ஒரு பாட்டுப் பைத்தியம். காரைக்குடியில் வீடு கட்டியபோதே ஆம்ப்ளிஃபயருக்கும் ரெண்டு பெரிய ஸ்பீக்கருக்கும் கூடத்தில் இடம் பார்த்து வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்கு இடம் பார்த்தேன்.

போன சித்திரையில் அந்தப் பாட்டுப் பெட்டியில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் புகுந்தது. பாட்டு ஓடும்போது அடங்கிக் கிடக்கும். பாட்டு நின்றதும் வண்டு மாதிரி காதைக் குடையும். மதுரைக்குப் போய் விலை கூடின வயர் வாங்கி வந்து மாற்றினேன். ம்ஹூம், ஒன்றும் நடக்கவில்லை.

பழி வீட்டுக்காரி மேல் விழுந்தது. மிக்ஸியை நிறுத்து, ஃப்ரிட்ஜை நிறுத்து. கடைசியில் அவள் தலைக்கு மேல் ஓடிய ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன். கத்திரி வெயில் வேறு. தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஃபேனை நிறுத்தியும் இரையத்தானே செய்யுது? எம்மேல ஏன் பாயிறீக?" என்றாள்.

"வாயையும் நிறுத்து" என்றேன். சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையிலேயே கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள்.

ஆளில்லாத வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பெட்டியை மட்டும் போட்டுக் கேட்டேன். அப்பவும் இரைந்தது.

புதுவயல் ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். மனுசன் பெட்டியைத் தொடவே இல்லை. நேரே கொல்லைக்குப் போய்ச் சுவரோரம் மண்ணைக் காலால் கிளறினார்.

"கரண்டை மண்ணுக்குள்ள இறக்குற ஏர்த் குழி கருவாடாக் காஞ்சு கெடக்குண்ணே. அதான் பெட்டி இரையுது. நம்ம ஊரு மண்ணுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்ல? முன்னாடி யாரு ஊத்துனாக?"

அவள்தான். அரிசி கழுவின தண்ணீரை நாள் தவறாமல் அங்கேதான் கொட்டுவாள், கறிவேப்பிலைக் கன்றுக்கு. புதுப் பெயின்ட் அடித்த சுவரில் ஈரம் ஏறுது என்று பங்குனியில் கத்தி நிறுத்தியது நான். கன்றும் பட்டுப்போனது. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்கணும்.

உப்பும் கரியும் போட்டு நாலு குடம் ஊற்றினேன். இரைச்சல் போயே போச்சு. அன்றைக்கே போன் போட்டேன்.

"எல்லாம் சரியாயிருச்சு. தப்பு எம்மேலதான். இனி மிக்ஸி, ஃபேன் எல்லாம் போட்டுக்கலாம். எப்ப வாரே?"

அவள் பக்கம் ஃபேன் ஓடுவது கேட்டது.

"நீங்க பாட்டுக் கேளுங்க. நான் இங்குட்டே காத்து வாங்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆடி பிறந்துவிட்டது. தினமும் காலையில் குழிக்கு ஒரு குடம் ஊற்றுகிறேன். கூடத்தில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பெட்டியைப் போடத்தான் கை வரமாட்டேன் என்கிறது.