ஜெரால்டினின் சிலாங்கூர் ஓட்டு

ஜெரால்டின் 1968இல் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தாள். பிறந்த இடம் சிலாங்கூர் மாநிலம் என்றுதான் அவள் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும். ஆறு வயதானபோது கோலாலம்பூரைச் சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசமாக்கினார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அந்த ஊருக்கு இனிமேல் சுல்தான் இல்லை, மந்திரி பெசார் என்ற முதலமைச்சர் இல்லை, சட்டமன்றமும் இல்லை. மத்திய அரசே நேராகப் பார்த்துக்கொண்டது.

ஓட்டுரிமை வந்த பிறகுதான் இது அவளுக்கு உறைத்தது. சிலாங்கூரின் கிள்ளானில் வாழ்க்கைப்பட்ட அக்கா மகதலேனாவுக்குப் பொதுத் தேர்தலில் இரண்டு வாக்குச் சீட்டு கொடுப்பார்கள். ஒன்று நாடாளுமன்றத்துக்கு, மற்றது மாநிலச் சட்டமன்றத்துக்கு. ஜெரால்டினுக்கு ஒன்றே ஒன்று. "உனக்கு எப்பவும் பாதி ஓட்டுதான்லா" என்று அக்கா விடாமல் சீண்டுவாள்.

கணவர் ஹென்றி ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் செமினிக்குக் குடிபோனார்கள். செமினி சிலாங்கூரில் இருக்கிறது. அவள் வேலை மட்டும் பிரிக்பீல்ட்ஸிலேயே, டாக்டர் சல்மாவின் கிளினிக்கில் தாதியாகத் தொடர்ந்தது. பிப்ரவரி முதல் தேதி கூட்டரசுப் பிரதேச தினத்தில் தெருவே வேலைக்குக் கிளம்ப, அவள் மட்டும் வீட்டில் தோசை சுடுவாள். டிசம்பரில் சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாளுக்குத் தெருவே தூங்கும், அவள் ரயிலுக்கு ஓடுவாள்.

ஐசி என்ற அடையாள அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் முகவரியை மாற்றிவிட்டு, 2022 பொதுத் தேர்தலுக்கு ஆசையோடு போனாள். அப்போதும் ஒரே சீட்டுதான். அந்த முறை சிலாங்கூர் சட்டமன்றத்தைக் கலைக்கவில்லையாம். முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத் தேர்தல் வந்தது. பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை. ஹென்றி காலையிலேயே போட்டுவிட்டார். அவளுக்கு ஒரு மணி வரை வேலை, ஓட்டுச்சாவடி மூடுவது ஆறு மணிக்கு. நிறைய நேரம் இருக்கிறது என்று நம்பிப் போனாள்.

அன்றைக்கென்று கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம். மணி ஒன்று, இரண்டு, மூன்று. ஊசி எடுத்துக் கொடுத்த கையோடு கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தாள். மூன்றேகாலுக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர், நான் ஓட்டுப் போடப் போகணும்."

சல்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையே, ஆன்டி."

"உங்களுக்கு இல்ல டாக்டர். கேஎல் மாநிலம் இல்லையே, இங்க சட்டமன்றமே கிடையாது. எனக்கு சிலாங்கூர்ல இருக்கு. இதுதான் முதல் தடவ."

"ஐயோ, காலையிலேயே சொல்றதுக்கு என்ன? போங்க, போங்க. நான் பாத்துக்கிறேன்."

சென்ட்ரல் நிலையத்தில் காஜாங் ரயில் புறப்படும் நேரத்துக்குச் சரியாக ஏறினாள். காஜாங்கில் இறங்கி கிராப் டாக்சி பிடித்தபோது மழை கொட்டியது. செமினி சாலையில் கார்கள் அசையவே இல்லை. ஐந்தே கால். ஐந்து இருபத்தைந்து. ஹென்றி போனில் வந்தார்.

"எங்க இருக்க ஜெரி?"

"பெட்ரோல் ஸ்டேஷன் கிட்ட. வண்டி நகரவே மாட்டேங்குதுங்க."

"அங்கேருந்து நடந்தா பதினஞ்சு நிமிஷம்தான். இறங்கிடு. நான் ஸ்கூல் கேட்ல நிக்கிறேன்."

இறங்கினாள். ஐம்பத்தைந்து வயதில், கிளினிக் சீருடையோடு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் ஓடினாள். ஓரமாக நின்ற மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கியது, ஆனாலும் கால் நிற்கவில்லை.

ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் ஹென்றி குடையோடு நின்றார். ஐந்து நாற்பத்தெட்டு.

உள்ளே வரிசையில் நான்கே பேர். அதிகாரி அவள் பெயரைச் சத்தமாகப் படித்தார். இடது ஆள்காட்டி விரலில் மை ஏறியது. சீட்டைக் கொடுத்தபோது, "டூன் சாஜா, காக்" என்றார். சட்டமன்றம் மட்டும்தான், அக்கா.

"அதுக்குத்தானே வந்தேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். அவருக்குப் புரிந்திருக்காது. இருந்தாலும் தலையாட்டினார்.

தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். ஈரக் கை சீட்டை நனைத்துவிடுமோ என்று கைப்பையிலிருந்த கைக்குட்டையில் இருமுறை துடைத்துக்கொண்டாள். பெயர்களை மேலிருந்து கீழாக நிதானமாக வாசித்தாள். பிறகு கோணாமல் ஒரு குறி போட்டாள்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தாள். ரயில், மழை, கையில் செருப்பு என்று ஒரே மூச்சில் கொட்டினாள். யாருக்குப் போட்டாள் என்று மட்டும் அக்காவிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் நடந்த ஹென்றியிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிளினிக்கில் சல்மா அவள் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த தடவ முழு நாள் லீவு எடுத்துக்குங்க ஆன்டி."

"அது வர்றதுக்கு அஞ்சு வருஷம் ஆகும், டாக்டர்" என்றாள் ஜெரால்டின். "அந்த லீவை இப்பவே எழுதி வைங்க."